கோப்பையும் கப்பற்படையும்

"கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பாட்டி கதை சொல்லிக்கொண்டிருப்பாள். "நேற்று ஏழு கடல் தாண்டினான் என்றாயே, இன்று மூன்று கடல்தானா?" என்று பேரன் குறுக்கே கேட்டுவிட்டால் போதும், இந்தப் பழமொழி வந்து அவன் வாயை அடைக்கும். பாட்டியின்மீது நமக்குக் கோபமில்லை. அவளுக்கு உறக்கம் வருகிறது, பேரனையும் உறங்க வைத்தாக வேண்டும். ஆனால், பேரன் மீசை முளைத்த ஆளான பிறகும் அதே பழமொழி அவன் வாயை அடைத்துக்கொண்டே இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பேசுவதற்கு வாய்ப்பாக ஒரு காப்பிக் கோப்பை கிடைத்திருக்கிறது.

2019ஆம் ஆண்டு மே திங்கள் 5ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனத்தார் 2011 முதல் ஒளிபரப்பி வந்த 'கேம் ஆஃப் திரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் எட்டாம் தொகுதியில் நான்காவது பகுதி. அரியணைக்காக அரச குடும்பங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் கதை அது. கற்பனை நாடு, கற்பனைக் காலம், வாளும் வேலும் ஆளும் உலகம். பிணப்படையை வென்று முடித்த வீரர்கள் வின்டர்ஃபெல் கோட்டையில் விருந்துண்ணுகிறார்கள். மெழுகுவத்திகள் எரிகின்றன, கிண்ணங்களில் மது வழிகிறது, தோலாடை போர்த்தோர் ஆர்ப்பரிக்கிறார்கள். நடுவே வீற்றிருக்கிறாள் டெனேரிஸ் அரசி. நெருப்புமிழும் பறக்கும் நாகங்களுக்கு, டிராகன்களுக்கு, தாய் எனப் பெயர் பெற்றவள். அவளுக்கு எதிரே, மேசைமீது, மூடி போட்ட காகிதக் காப்பிக் கோப்பை ஒன்று!

சில நொடிகள்தான் தெரிந்தது. ஆனால், உலகம் சிரித்த சிரிப்பு அடங்கச் சில நாட்கள் ஆயின. நிறுவனத்தாரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டனர். கோப்பை தவறித்தான் வந்துவிட்டது, அரசி கேட்டது மூலிகைத் தேநீர் என்று வேடிக்கையும் பேசினர். இரண்டே நாட்களில் படத்திலிருந்து கோப்பையைத் துடைத்தெடுத்துவிட்டனர். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதை ஸ்டார்பக்ஸ் கோப்பை, ஸ்டார்பக்ஸ் கோப்பை என்று ஊரெல்லாம் கூவினார்களே, அது அந்தக் கடைக் கோப்பையே அன்று. படப்பிடிப்புக் குழுவினர்க்குச் சிற்றுண்டி வழங்குவோர் கொடுத்த கோப்பை. பிழை கண்டுபிடிக்கக் கிளம்பியவர்களே ஒரு பிழையைச் சுமந்துகொண்டு ஓடினர். கண்டதைக் கண்டபடி சொல்வது எவ்வளவு கடினமான கலை, பார்த்தீர்களா!

இத்தகைய பிழைகள் எப்படி நேர்கின்றன என்பதை அறியாமல் ஏளனம் செய்வது முறையாகாது. நாம் ஒரே மூச்சில் பார்க்கும் ஒரு விருந்துக் காட்சியை, எடுப்பவர்கள் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. அரசி பேசுவதை ஒருநாள் எடுப்பார்கள், அவளுக்கு மறுமொழி சொல்பவனை மறுநாள் எடுப்பார்கள். கதையின் முடிவை முதலிலும் தொடக்கத்தைக் கடைசியிலும் எடுப்பதும் உண்டு. ஒரே வசனத்தைப் பத்து முறை பேச வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் மெழுகுவத்தி சற்றுக் கரைகிறது, கிண்ணத்தில் மது குறைகிறது, நெற்றியில் விழுந்த மயிர் இடம் மாறுகிறது. இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி, நிழற்படமும் பிடித்து வைத்துக்கொண்டு, முன்னே எடுத்ததும் பின்னே எடுத்ததும் பொருந்துகின்றனவா என்று கண்காணிப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. 'கன்டினியூட்டி பார்ப்பது' என்று நம் படப்பிடிப்புத் தளங்களில் அந்த வேலையைச் சொல்கிறார்கள். உழைப்பு மிக்க வேலை. புகழ் இல்லாத வேலை. ஓராயிரம் பொருள்களைச் சரியாகப் பார்த்தவரை எவரும் பாராட்டுவதில்லை. ஒரு கோப்பையைத் தவறவிட்டால் உலகமே சிரிக்கிறது.

அது மட்டுமன்று. சில பிழைகள் தெரிந்தே விடப்படுபவை. வால்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் படத்தொகுப்பாளர், ஒரு காட்சியை வெட்டி ஒட்டும்போது எதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்று ஒரு கணக்கே வகுத்திருக்கிறார். நூற்றுக்கு 51 பங்கு உணர்ச்சிக்கு, 23 பங்கு கதைக்கு, 10 பங்கு தாள கதிக்கு. படிப்படியாகக் குறைந்து வந்து, ஆளும் பொருளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்ற பொருத்தத்துக்கு அவர் தருவது வெறும் 4 பங்கு. நடிகையின் கண்ணீர் உண்மையாக வழிந்த படம் ஒன்று, கிண்ணம் சரியாக இருந்த படம் மற்றொன்று என்றால், கண்ணீரைத்தான் எடுப்பேன் என்கிறார். நாமாக இருந்தாலும் அதைத்தான் எடுப்போம்.

எடுப்பவர்களுக்கு இந்தத் துணிவு எப்படி வருகிறது? பார்ப்பவர்களின் கண்ணை அவர்கள் அறிந்திருப்பதால் வருகிறது. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரு பெண்கள் உட்கார்ந்து பேசும் ஒரு சிறு படம். அதில் வேண்டுமென்றே ஒன்பது மாற்றங்களைப் புகுத்தியிருந்தனர். கழுத்தில் இருந்த துணி அடுத்த நொடியில் இல்லை; சிவப்புத் தட்டு வெள்ளைத் தட்டாகிறது. பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினர். ஏதோ ஒன்றையாவது கண்டவர் ஒரே ஒருவர்! மாற்றங்கள் இருக்கின்றன, தேடுங்கள் என்று சொல்லி மறுபடி காட்டியபோதும், ஒன்பதில் சராசரியாக இரண்டைத்தான் கண்டனர். இன்னொரு படத்தில் ஆளையே மாற்றிவிட்டனர். நாற்காலியிலிருந்து எழுந்தவன் ஒருவன், போய்த் தொலைபேசியை எடுத்தவன் வேறொருவன். பார்த்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் அதையும் உணரவில்லை. ஏமாளிகள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது, நாமும் அப்படித்தான். மனம் கதையோடு போகிறது. இடையில் ஓட்டை தெரிந்தால் தானே ஒரு துண்டைப் போட்டு அடைத்துக்கொண்டு மேலே நடக்கிறது.

தொடரில் நடித்தவர் விலகிவிட்டால், "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்துப் போட்டுக் காட்டுகிறார்களே நம் தமிழ்த் தொலைக்காட்சியில், அதைக் கண்டு நகைப்போர் உண்டு. நமக்கோ அதன்மீது தனி மதிப்பு. அமெரிக்காவில் 'பிவிட்ச்ட்' என்ற தொடரில் 1969-இல் கதாநாயகியின் கணவனாக நடித்தவரை மாற்றினார்கள். மாற்றியதாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. மனைவிக்கும் வேறுபாடு தெரியவில்லை, மாமியாருக்கும் தெரியவில்லை. அதைவிட, ஆளை மாற்றிவிட்டோம் என்று நேரே அறிவித்துவிடுவது நாணயமான செயல் அல்லவா?

இனிக் கப்பற்படைக்கு வருவோம். கோப்பை வந்த அதே பகுதி, அதே இரவு, விருந்து முடிந்து அதிக நேரம் ஆகவில்லை. அரசி தன் படையோடு டிராகன்ஸ்டோன் தீவை நோக்கி வருகிறாள். அவள் வான்மீது ஒரு டிராகனில் அமர்ந்து வருகிறாள். மற்றொரு டிராகன், ரேகால் என்பது, உடன் பறக்கிறது. திடீரென்று அம்புகள் பாய்கின்றன. மூன்று அம்புகள் தைத்து ரேகால் கடலில் விழுந்து மாய்கிறது. எய்தவன் பகைவன் யூரான். பாறையின் மறைவில் தன் கப்பற்படையை நிறுத்தியிருந்தானாம்.

இங்கே எத்தனை கேள்விகள்! மரத்தின் உச்சியில் ஏறியவனுக்கே மதிலின் அப்புறம் தெரியும். வானத்தில் பறந்து வந்தவளுக்கு, கடலில் நின்ற கப்பல் வரிசை ஏன் தெரியவில்லை? பகைவனிடம் கப்பற்படை இருப்பதை அறியாதவளா அவள்? அதே பகுதியில், சற்று முன்னே நடந்த போர் ஆலோசனையிலேயே அந்தப் படையைப் பற்றிய பேச்சு வருகிறதே! தொடரை ஆக்கியவர்களில் ஒருவரான டேவிட் பெனியாஃப் இதற்கு விளக்கம் தந்தார். என்ன விளக்கம் தெரியுமா? அரசி அந்தக் கப்பற்படையை மறந்துவிட்டாளாம்!

மறந்தது அரசியா, ஆசிரியரா?

அடுத்த வாரம், மே 12 அன்று, ஒரே ஒரு டிராகன்மீது ஏறி வந்து அதே அரசி, அதே கப்பற்படை முழுவதையும் எரித்துச் சாம்பலாக்குகிறாள். நகரத்து மதில்மேல் வரிசையாக நின்ற பெரு விற்களில் ஒன்றாவது குறி தப்பாமல் எய்ததா? இல்லை. சென்ற வாரம் அசைந்தாடும் கப்பலிலிருந்து எய்த அம்புகள் மூன்று தைத்தன. இந்த வாரம் அசையாத மதிலிலிருந்து எய்தவற்றில் ஒன்றும் தைக்கவில்லை. சென்ற வாரம் டிராகன் சாக வேண்டியிருந்தது, இந்த வாரம் நகரம் எரிய வேண்டியிருக்கிறது. இதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

கோப்பை, எடுத்தவர்களின் கையில் நேர்ந்த பிழை. கப்பற்படையோ, எழுதியவர்களின் கருத்தில் நேர்ந்த பிழை. முன்னதால் கதை ஓர் அணுவும் அசையவில்லை. கோப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசியின் துயரம் அதேதான். பின்னதாலோ கதையின் முதுகெலும்பே முறிகிறது. ஒன்றின் விளைவாக மற்றொன்று என்று எட்டாண்டுகள் கட்டி வளர்த்த காரண காரியத் தொடர் அங்கே அறுந்து போகிறது. ஆனால், துடைத்தெடுக்க முடிந்தது கோப்பையைத்தான். கோப்பையைக் கண்டு சிரித்த கூட்டத்தில் கப்பலைக் கண்டு கேட்டவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால், செய்தித்தாள்களின் முதல் பக்கச் சிரிப்பு கோப்பைக்குத்தான் கிடைத்தது.

இந்த இடத்தில் நம் தோழர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: "பறக்கும் நாகத்தை ஏற்றுக்கொண்டீரே, பகுத்தறிவாளரே! அதைவிடவா கப்பல் பெரிய பொய்?" நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால்தான் பலர் இரண்டு பக்கமும் இடறுகிறார்கள். டிராகன் உண்டு என்று கதையாசிரியன் வாயிலிலேயே சொல்லிவிடுகிறான். இது கற்பனை, வருகிறாயா என்று அழைக்கிறான். நாம் இசைந்து நுழைகிறோம். அது உடன்பாடு, ஏமாற்று அன்று. நுழைந்த பிறகு, அவன் வகுத்த விதியை அவனே மீறக் கூடாது. சதுரங்கத்தில் குதிரை எல் வடிவில் பாய்வது இயற்கையில் இல்லாததுதான். அதற்காக ஆட்டத்தை எவரும் பொய் என்பதில்லை. ஆனால், தோற்கப் போகிறவன் திடீரென்று யானையையும் அப்படிப் பாயவிட்டால் பலகையைக் கவிழ்க்க நமக்கு உரிமை உண்டு.

அந்த யானைப் பாய்ச்சலுக்கு இணையற்ற எடுத்துக்காட்டு ஒன்று 1986-இல் கிடைத்தது. 'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடர். எண்ணெய்க் கிணறு வைத்திருந்த யூயிங் குடும்பத்தின் கதை. அதில் இளைய மகன் பாபியாக நடித்த பேட்ரிக் டஃபி விலக விரும்பினார். 1985 மே திங்களில் பாபி காரில் அடிபட்டு மாண்டான். உறவினர் சூழ்ந்து நின்று கதறினர், அடக்கம் நடந்தது. அவனில்லாமல் ஓராண்டு கதை நகர்ந்தது. தொடர் சோபை இழந்தது. நடிகரை மீண்டும் அழைத்தார்கள். செத்தவனை எப்படிக் கொண்டுவருவது? 1986 மே திங்களில், பாபியின் முன்னாள் மனைவி பாம் காலையில் கண்விழிக்கிறாள். குளியலறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே பாபி குளித்துக்கொண்டிருக்கிறான்! கோடை முழுவதும் மக்கள் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். இலையுதிர் காலத்தில் விடை வந்தது: பாபி சாகவே இல்லை; ஓராண்டாக நீங்கள் பார்த்ததெல்லாம் பாம் கண்ட கனவு. 31 பகுதிகள்! அழுகையும் பகையும் திருமணமும் எல்லாம் ஒரே இரவுக் கனவு!

கதை இதோடு முடியவில்லை. பாபிக்குக் கேரி என்று ஒரு தமையன் உண்டு. அவனை வைத்து 'நாட்ஸ் லேண்டிங்' என்று கிளைத்தொடர் ஒன்று கலிபோர்னியாவைக் களமாகக் கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி இறந்த துயரம் அங்கேயும் பேசப்பட்டிருந்தது. டல்லாசில் தம்பி எழுந்து வந்தான். நாட்ஸ் லேண்டிங்கில் எவரும் அவனை எழுப்பவில்லை. அதன்பின் ஒரு தொடரார் மற்றத் தொடரில் தலைகாட்டுவதே நின்று போயிற்று. ஓர் ஊரில் உயிரோடிருப்பவன் மற்றோர் ஊரில் மாண்டவன்! நம் ஊர்ப் பௌராணிகரிடம் இதைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தீர்த்து வைத்திருப்பார். ஒரே கதை இரு புராணங்களில் இரு விதமாக வருகிறதே என்று கேட்டால், அவர் சொல்லும் விடை ஆயத்தமாக இருக்கிறது: கற்பபேதம்! அது வேறு கற்பத்தில் நடந்தது, இது வேறு கற்பத்தில் நடந்தது. அதுவும் போதாவிட்டால் மாயை, அதுவும் போதாவிட்டால் லீலை. டல்லாஸ் எழுத்தாளர்கள் மாயையைத் தேர்ந்தெடுத்தார்கள். என்ன ஒரு வேறுபாடு என்றால், அமெரிக்க மக்கள் அந்த மாயையைக் கண்டு இன்றுவரை கேலி பேசுகிறார்கள். அதற்குக் கோயில் கட்டவில்லை.

நம் தோழர்களையும் இங்கே சற்றுக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. புராணப் படம் பார்ப்பார்கள். தேவியாக நடிப்பவரின் தோளில் அம்மை குத்திய தழும்பு தெரியும். உடனே, "பார், பார், மாரியம்மனுக்கே அம்மை குத்தியிருக்கிறார்கள்" என்று கைகொட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கத் தக்கதுதான். 1796-இல் ஜென்னர் கண்ட தடுப்புமுறை வளர்ந்து பரவி, 1980-இல் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததென உலக நல நிறுவனம் அறிவித்தது. அந்த வெற்றியின் முத்திரை அம்மனின் தோளிலேயே பதிந்திருப்பது அழகான காட்சிதான். ஆனால், அதோடு பகுத்தறிவுப் பணி முடிந்துவிட்டதாக எண்ணி வீடு திரும்புகிறார்களே, அதுதான் நமக்கு வருத்தம். தழும்பு, கோப்பையைப் போன்றது. ஒப்பனைக்காரர் சற்றுக் கூடுதலாகப் பூசியிருந்தால் மறைந்திருக்கும். பூச்சால் மறையாத கேள்விகள் கதைக்குள்ளே கிடக்கின்றன.

1987 சனவரி 25 முதல் 1988 சூலை 31 வரை, ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷன் இராமானந்த சாகரின் 'இராமாயண'த்தை ஒளிபரப்பிற்று. குளித்து முழுகித் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டி உட்கார்ந்தவர்கள் பலர். 2020-இல் ஊரடங்கின்போது அதை மறுபடியும் போட்டார்கள். டிராகன் ஏன் விழுந்தது என்று கேட்கத் தெரிந்த படித்த இளைஞர், வாலியை ஏன் மறைந்து நின்று எய்தான் என்று கேட்கத் தயங்குவது ஏன்? அந்தக் கேள்வியை நாம் புதிதாகப் புகுத்தவும் இல்லை. அம்பு தைத்துக் கிடக்கும் வாலியே கேட்கிறான். காவியத்தில் ஒரு குரங்குக்கு இருந்த உரிமை, கூடத்தில் அமர்ந்து பார்க்கும் மனிதனுக்கு இல்லாமல் போவதா?

இல்லாமல் போகச் செய்ய முயன்ற வரலாறும் உண்டு. இராமாயணப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சொல்லும் செயலும் பொருந்துகின்றனவா என்று பெரியார் ஆராய்ந்து எழுதினார். அது 1959-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பின்னர் உத்தரப் பிரதேசத்தின் லலாய் சிங் யாதவ் அதை 'சச்சி ராமாயண்' என்று இந்தியில் வெளியிட்டார். 1969 டிசம்பரில் அம்மாநில அரசு நூலைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. கதைமாந்தரின் நடத்தையில் முரண் இருக்கிறது என்று கேட்ட குற்றத்துக்கு! லலாய் சிங் வழக்காடினார். 1971-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஆணையைச் செல்லாததாக்கிற்று. அரசு மேல்முறையீடு செய்தது. 1976-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இடம்பெற்ற உச்சநீதிமன்ற அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. பறிமுதல் செய்வதற்குத் தான் கருதிய காரணங்கள் இவையென்று அரசு தன் ஆணையில் எடுத்துரைக்கவில்லை என்பதே அங்கு எழுந்த முதன்மையான குறை. ஏன் என்று கேட்ட நூலைத் தடுத்தவர்களால், ஏன் தடுத்தோம் என்று எழுத முடியவில்லை! தீர்ப்பு வந்தபோது பெரியார் இல்லை. 1973 டிசம்பர் 24-இல் மறைந்துவிட்டார்.

'கேம் ஆஃப் திரோன்ஸ்' எட்டாம் தொகுதியைத் திறமையுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் என்று 2019-இல் இணையத்தில் ஒரு விண்ணப்பம் கிளம்பிற்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அந்தக் கோரிக்கை சற்று மிகை என்பது நம் கருத்து. எழுதியவன் விடை சொன்னால் போதும். நமக்காகத் திருப்பி எழுதித் தர வேண்டுவதில்லை. ஆயினும் ஒப்பமிட்டவர்மீது எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. மனம் புண்பட்டதென்று எந்த அரசும் ஆணை பிறப்பிக்கவில்லை. நிறுவனத்தார் மீண்டும் எடுக்கவும் இல்லை. இன்று அந்த நான்காம் பகுதியைப் போட்டுப் பார்ப்போர்க்கு விருந்து மேசைமீது கோப்பை தெரியாது. சற்று நேரம் சென்றதும் பாறையின் மறைவிலிருந்து யூரானின் கப்பல்கள் வரும்.